வற்கடமும் வான்தீவுப் பறவைகளும்

இறையனார் களவியலுக்கு எழுந்த உரை ஒரு செய்தியைக் கூறுகிறது. பாண்டிய நாடு பன்னிரண்டு ஆண்டு வற்கடத்தால் வாடியது. அரசன் புலவர்களை அழைத்து, இனித் தன்னால் அவர்களைக் காக்க இயலாது என்றும், வாழ வழியுள்ள இடங்களுக்குச் சென்று, நாடு செழித்த பின் தன்னை நினைந்து திரும்பி வருமாறும் கேட்டுக்கொண்டான். மழை பெய்தது. அரசன் ஆள்விடுத்துத் தேடினான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் மட்டும் கிடைக்கவில்லை.

இச்செய்தியின் வரலாற்றுத் தன்மை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வறட்சியைப் பற்றிய இரண்டு உண்மைகள் இதனுள் பொதிந்துள்ளன. வறட்சி வந்தால் இடம்பெயர்ந்தோர் பிழைப்பர் என்பது ஒன்று. மழை திரும்பினாலும் போனவை எல்லாம் திரும்பி வருவதில்லை என்பது மற்றொன்று.

அப்படியானால், இடம்பெயரவே வழியில்லாத உயிர்கள் வறட்சியில் என்ன ஆகும்? தீவுகளில் வாழும் காட்டுப் பறவைகளின் நிலை இதுவே. தீவு என்றதும் நெடுந்தொலைவுக் கடல் நம் நினைவிற்கு வரலாம். ஆனால் இரணியலில் நின்று வடக்கே நோக்கினால், வேளிமலைக்கும் அப்பால் நீலமாகத் தெரியும் அசம்பு மலைத்தொடரே பறவைகளைப் பொறுத்தவரை ஒரு தீவுதான். அத்தீவின் பறவைகளை வறட்சி எவ்வாறு தாக்குகிறது என்பதையும், அது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கடல் சூழாத தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். ஓர் உயிரின் நோக்கில் பார்த்தால், தான் வாழ இயலாத இடத்தால் சூழப்பெற்ற வாழிடம் எதுவாயினும் அது தீவே ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல், குள்ளமும் நெருக்கமுமான மரங்களைக் கொண்ட சோலைக்காடுகள் உள்ளன. அவற்றின் கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். அடியில் சருகு மெத்தென்று கிடக்கும். பள்ளந்தோறும் ஓடை கசியும். சோலைகளுக்கிடையே புல்வெளி விரிந்திருக்கும். இக்குளிர்ந்த உலகிற்குக் கீழே இருப்பது வெப்பம் மிக்க சமவெளி. சோலையில் பிறந்து சோலையிலேயே வாழும் சிறு பறவைக்கு அச்சமவெளி கடலுக்கு நிகரானது. எனவே இத்தகைய மலையுச்சிகளை அறிவியலார் ‘வான் தீவுகள்’ என அழைக்கின்றனர்.

இத்தொடரைப் பாலக்காட்டுக் கணவாயும், அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாயும் துண்டுபடுத்துகின்றன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே எஞ்சி நிற்பது அகத்தியர்மலை, மகேந்திரகிரி, அசம்பு மலைகள் அடங்கிய தென்கோடித் தொகுதி. அது ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஏற மலை இல்லை.

இத்தனிமை பறவைகளின் உடலிலும் மரபணுவிலும் பதிந்துள்ளது. வி. வி. ராபினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் சோலைப் பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, கணவாய்களுக்கு இருபுறமும் வாழ்வன பல இலட்சம் ஆண்டுகளாகக் கலவாது பிரிந்து நிற்கின்றன எனக் காட்டினர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் இப்பறவைகளுக்கு இரண்டு புதிய பேரினப் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் ஒன்று ‘ஷோலிகோலா’. சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் ‘சோலை’ என்னும் சொல் இவ்வாறு உலக அறிவியல் வழக்கில் இடம்பெற்றது. அப்பேரினத்துள் அசம்பு மலைக்கு உரியதற்கு ‘அசம்புவென்சிஸ்’ என்றே பெயரிட்டனர். தமிழில் இதனைச் சோலைக்கிளி எனலாம். எனினும் இது கிளி இனத்தது அன்று. கருநீல உடலும் வெண்ணிற வயிறும் நீண்ட கால்களும் உடைய சிறு பறவை. சோலையின் நிழலில், தரையை ஒட்டித் தத்தித் திரிந்து பூச்சிகளைப் பொறுக்கி உண்பது.

மற்றொன்று அசம்புச் சிலப்பன். சாம்பல் நிற மார்பும் கண்ணுக்கு மேலே வெண்புருவமும் கொண்ட இப்பறவை கூட்டமாக இருந்து ஓயாது ஒலியெழுப்பும். சிலப்பன் என்பது மலையாள வழக்கு. தமிழிலும் ‘சிலைத்தல்’ என்பதற்கு ஒலித்தல் என்னும் பொருள் உண்டு; ஆகவே இப்பெயர் நமக்கு அந்நியமானதன்று. இப்பறவை செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது.

நம் மாவட்டம் திருவிதாங்கூருடன் இணைந்திருந்த காலத்தில், 1933ஆம் ஆண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு பின்னர் 1953ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. நம் மலைகளின் பறவைகளைப் பற்றிப் பேசுவோர்க்கு அது இன்றும் அடிப்படையாகும்.

வறட்சி தாக்கும் முறை

வறட்சியில் பறவைகள் தாகத்தால் மடிகின்றன என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். கோடையில் வீட்டு முற்றத்தில் சட்டியில் நீர் வைக்கும் நல்ல வழக்கமும் இவ்வெண்ணத்தின் விளைவே. சமவெளிப் பறவைகளுக்கு அது பொருந்தும். காட்டுப் பறவையின் துன்பமோ வேறு வகையினது. பூச்சியும் கனியும் உண்ணும் பறவை தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை அவ்வுணவிலிருந்தே பெற்றுவிடுகிறது. ஆகவே வறட்சி முதலில் அதன் உணவின் வழியாகவே நுழைகிறது.

மழை பொய்த்தால் சோலையின் சருகு காய்கிறது. ஈரச்சருகில் வாழும் மண்புழு, வண்டு, பூரான் முதலியன ஆழத்திற்குச் செல்கின்றன, அல்லது குறைந்துவிடுகின்றன. தரையைக் கிளறி உண்ணும் சோலைக்கிளிக்கு நாள் முழுதும் உழைத்தாலும் வயிறு நிறைவதில்லை. மரங்களும் தம் நீரைக் காத்துக்கொள்ள இலைகளையும் பூக்களையும் உதிர்க்கின்றன. பிஞ்சுகள் முதிராமலே வீழ்கின்றன. கனியை நம்பி வாழும் காட்டுப்புறாவும் சிலப்பனும் இதனால் துன்புறுகின்றன.

உணவு குறைந்த பறவை உடனே இறந்துவிடுவதில்லை. கூடு கட்டாமல் இருந்துவிடுகிறது. நாம் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி இதுதான். முட்டையிடவும், அடைகாக்கவும், குஞ்சுகளுக்கு நாளெல்லாம் இரை கொணரவும் பெரும் உடல்வலிமை வேண்டும். சோலைக்கிளி போன்றவை சித்திரை, வைகாசியை ஒட்டிய காலத்தில் இனம்பெருக்குவன. ஒரு முறைக்கு இரண்டே முட்டைகள் இடுவன. கோடைமழையும் அதனைத் தொடரும் பருவமழையும் தரும் பூச்சிப் பெருக்கத்தை நம்பியே அவை குடும்பம் தொடங்குகின்றன. அம்மழை தவறினால் அவ்வாண்டு கூடில்லை. துணிந்து கட்டினாலும் குஞ்சுகள் பிழைப்பதரிது. காட்டிற்குள் செல்வோர் கண்ணுக்குப் பறவைகள் வழக்கம்போலவே தோன்றும். அவை அனைத்தும் முதிர்ந்தவை என்பதும், அவற்றிடையே இளையது ஒன்றும் இல்லை என்பதும் எளிதில் புலப்படா. வறட்சியின் இழப்பு இவ்வாறு ஓசையின்றி நிகழ்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு தீவில் நூறு பறவைகள் உள்ளன என்றும், அவற்றுள் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பதினைந்து முதுமையாலும் நோயாலும் பகைகளாலும் இறக்கின்றன என்றும் கருதுவோம். நல்ல ஆண்டில் பிறக்கும் குஞ்சுகள் அவ்விடத்தை நிரப்பிவிடும். குஞ்சு பிறவாத ஓர் ஆண்டிற்குப் பின் எண்பத்தைந்து எஞ்சும். அடுத்த மழையில் இது சரியாகலாம். அத்தகைய ஆண்டுகள் மூன்று தொடர்ந்தால் அறுபத்தொன்றே எஞ்சும். பரந்த காட்டில் இக்குறையை அண்டைக் காடுகளில் பிறந்த இளம்பறவைகள் வந்து ஈடுசெய்யும். தீவிற்கு அண்டை ஏது? கணவாயைக் கடந்து வருவாரில்லை. மலையிறங்கிச் செல்லவும் இடமில்லை. இதுவே தீவுப் பறவையின் தனித்த இடர்ப்பாடு.

மூன்று தீவுகள் தரும் பாடம்

இங்குக் கூறியவை ஊகமல்ல என்பதற்குக் கடல் தீவுகளில் நடந்த ஆய்வுகள் சான்றாகின்றன.

முதலாவது, பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகசுத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டாப்னி மேஜர் என்னும் சிறுதீவு. அது காடு அன்று. புதரும் கள்ளியும் நிறைந்த நிலம். எனினும் வறட்சி ஒரு தீவை என்ன செய்யும் என்பதை உலகம் முதலில் தெளிவாக அறிந்தது அங்கேதான். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் அறிவியல் இணையர் அங்குள்ள குருவிகளுக்குக் காலில் வளையமிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தனர். 1977ஆம் ஆண்டு மழைக்காலத்தில் 24 மில்லிமீட்டர் மழையே பெய்தது. அவ்வாண்டு நடுத்தர அலகுடைய நிலக்குருவிகள் இனம்பெருக்கவில்லை. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்தபின் எஞ்சியது நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த செடியின் கடினமான முள்விதை. அதை உடைக்க வல்ல தடித்த அலகு கொண்டவையே பெரும்பாலும் பிழைத்தன. நம் தரிசுகளில் காலில் தைக்கும் நெருஞ்சியின் உறவுச்செடி, அங்கே ஓர் இனத்தின் அலகையே மாற்றி அமைத்தது. வறட்சி ஒரு சல்லடை என்பது இதன் பாடம்.

இரண்டாவது, போர்னியோத் தீவில் மலேசியாவைச் சேர்ந்த கினபாலு மலை. அங்குள்ள மழைக்காட்டிலும் தென்னமெரிக்காவின் வெனிசுலாவிலும் பறவைக் கூடுகளைப் பல ஆண்டுகள் கண்காணித்த தாமஸ் மார்ட்டின், ஜேம்ஸ் மௌட்டன் ஆகியோர் தம் முடிவுகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடும் வறட்சி ஆண்டில் மலேசியாவின் 20 இனங்கள் சராசரியாக 36 விழுக்காடும், வெனிசுலாவின் 18 இனங்கள் 52 விழுக்காடும் இனப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டன. நீண்ட ஆயுளுடைய இனங்களே மிகுதியாகக் குறைத்தன. அவையே வறட்சியில் நன்கு பிழைத்தன. விளைச்சல் பொய்த்த ஆண்டில் விதைநெல்லை உண்ணாமலும், காய்ந்த வயலில் விதைக்காமலும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் உழவனின் அறிவுக்கு இஃது ஒப்பாகும். ஓராண்டு வறட்சியைத் தாங்கும் திறனை இயற்கை இப்பறவைகளுக்குக் கொடுத்தே வைத்திருக்கிறது.

அத்திறனுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுவது மூன்றாவதாகிய அவாய்த் தீவு. அங்கே மௌனா கியா என்னும் எரிமலையின் உயர்ந்த சரிவுகளில், மாமனே என்னும் மரத்தின் பசுங்காய் விதைகளையே சார்ந்து வாழ்வது பலிலா என்னும் மஞ்சள் தலைக் குருவி. வறண்ட ஆண்டில் மாமனே காய்ப்பது குறையும்; பலிலா கூடு கட்டுவதும் குறையும். 2000ஆம் ஆண்டிற்குப் பின் வறண்ட ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. 2003ஆம் ஆண்டிற்குப் பிந்திய பத்தாண்டுக் காலத்தில் இப்பறவையின் தொகை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. வறட்சி மட்டுமே காரணம் எனக் கூறலாகாது. வெளியிலிருந்து கொணரப்பெற்ற ஆடுகள் மாமனேக் கன்றுகளைப் பல தலைமுறைகளாக மேய்ந்து காட்டைச் சுருக்கியிருந்தன. எலியும் பூனையும் கூடுகளைச் சூறையாடின. சுருங்கிய காட்டின்மீது வறட்சி வந்து விழுந்தது. மழையின்மை வானத்தின் செயல். காடு சுருங்கியது மனிதனின் செயல். இரண்டும் சேர்ந்தபோதே பலிலா வீழ்ந்தது.

குறிஞ்சி பாலையாகும் வழி

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் எனும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் அமைத்துள்ளார். திணைக்குரிய கருப்பொருள்களுள் பறவையையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது. நிலம் திரிந்தால் அதற்குரிய புள்ளும் நிலைகெடும் என்பதை இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் உணரலாம்.

நம் அசம்பு மலையின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இம்மலைச்சரிவுகளில் காடழித்துக் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். அதன் பின் தேயிலை, இரப்பர், கிராம்பு முதலிய பயிர்கள் வந்தன. எஞ்சிய சோலைகள் சிறு துண்டுகளாயின. பெரிய சோலையின் நடுவில் காற்று புகாது. ஈரம் நெடுநாள் தங்கும். சிறு துண்டின் ஓரங்களிலோ வெயிலும் வறண்ட காற்றும் எளிதில் நுழைந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றின் வேகத்தை முப்பந்தல் காற்றாலைகளே எடுத்துரைக்கும். ஒரே அளவு மழை குறைந்தாலும், துண்டுபட்ட காடு முழுக்காட்டினும் விரைந்து காய்வது இதனால்தான். காய்ந்த புல்லில் மனிதன் வைக்கும் சிறு நெருப்புச் சோலையின் விளிம்பை எரித்து, அதனை மேலும் குறுகச் செய்கிறது.

புவி வெப்பமடைதல் இதனோடு சேர்கிறது. சமவெளி சூடேறும்தோறும் குளிர்ச்சியை நாடும் உயிர்கள் மேலே ஏறுகின்றன. இமயத்தில் ஏற இடமுண்டு. அகத்தியர்மலையின் உயரம் 1,868 மீட்டர். மகேந்திரகிரியோ ஏறத்தாழ 1,650 மீட்டரே. சோலை தொடங்கும் உயரத்திற்கும் உச்சிக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. உச்சியை அடைந்த பறவைக்கு மேலே இருப்பது வெறும் வானம்.

பறவையின் காடும் நம் குளமும்

“மலையுச்சியில் ஒரு குருவி கூடு கட்டாததால் நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்கு விடை நம் வயல்களிலேயே உள்ளது.

2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. இருபருவ மழையும் பெறும் நம் மாவட்டமும் அதில் அடங்கும். குளங்கள் வற்றும்போது தேரூர், சுசீந்திரம் குளங்களில் காணும் நாரையும் கொக்கும் நீருள்ள வேறு குளம் தேடிப் பறந்துவிடுகின்றன. பாண்டியனின் புலவர்களைப் போல அவற்றிற்குச் செல்ல நாடு உண்டு. மலைமேல் உள்ள சிலப்பனுக்கு அது இல்லை. உழவனும் ஒருவகையில் சிலப்பனைப் போன்றவனே. தன் வயலைத் தூக்கிக்கொண்டு அவன் எங்கே செல்வான்?

கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் நம் நன்செய்களுக்கு நீர் தருவது கோதையாற்றில் 1906ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையும், அதனோடு இணைந்த பெருஞ்சாணி அணையும் ஆகும். பத்மநாபபுரம் புத்தனாறு முதலிய கால்வாய்கள் வழியே அந்நீர் ஊர்தோறும் வருகிறது. அணை நீரைத் தேக்குமேயன்றி நீரைப் பிறப்பிக்காது. பெய்த மழையைப் பாசியிலும் சருகிலும் வேரிலும் பிடித்துவைத்து, மழையில்லாத நாளிலும் சிறிது சிறிதாக ஓடைக்குக் கசியவிடுவது மலைமேல் உள்ள காடும் புல்வெளியுமே. அக்காட்டில் சருகு ஈரமாக இருந்தால் சோலைக்கிளிக்குப் பூச்சி கிடைக்கும். அதே ஈரம்தான் ஓடையாகி, ஆறாகி, அணை சேர்ந்து நம் வயலுக்கு வருகிறது. சருகு காய்ந்தால் முதலில் அறிவது பறவை. பின்னர் அறிவது உழவன்.

எனவே கூடு கட்டாத பறவையை ஒரு முன்னறிவிப்பாகக் கொள்ளவேண்டும். கரிச்சானின் குரல் கேட்டு விடியலை அறிந்த நம் முன்னோர்க்குப் பறவையைக் கேட்டுக் காலத்தை அறிதல் புதிதன்று. அக்கலையை இன்றைய அறிவியல் அளவைகளோடு சேர்த்து மீட்டெடுத்தல் நம் கடமையாகும்.

முடிவுரை

அகத்தியர்மலைப் பகுதி 2001ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்று, 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது. சட்டம் தன் பங்கைச் செய்துள்ளது. எஞ்சிய பங்கு மக்களுடையது. மழையைப் பெய்விக்க நம்மால் இயலாது. ஆனால் சோலை மேலும் துண்டுபடாமல் காக்கவும், கோடையில் மலைப்புல்லில் தீ வையாதிருக்கவும், சோலைகளுக்கிடையே இயல்மரங்கள் மீண்டும் தழைக்க இடம்விடவும் நம்மால் இயலும். வறட்சியைத் தாங்கும் ஆற்றல் அப்பறவைகளுக்கு இயற்கையாகவே உண்டு. காத்திருக்க ஒரு காட்டை நாம் விட்டுவைத்தால் போதும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஊரில் பெய்யும் மழையை நாள்தோறும் குறித்துவையுங்கள். வேளிமலை அடிவாரத்தில் எந்தப் பறவை எந்தத் திங்களில் கூடு கட்டுகிறது என்று பாருங்கள். மூத்தோரிடம் சென்று அவர்கள் இளமையில் கேட்ட பறவைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். பத்தாண்டு தொடர்ந்து எழுதப்பெற்ற அத்தகைய குறிப்பு எந்த ஆய்வாளர்க்கும் பெருஞ்செல்வமாகும்.

வற்கடம் நீங்கிய பின் பாண்டியன் தேடியும் பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை. நாளை நல்ல மழை பெய்து, மலையோடைகள் நிரம்பி ஓடும் ஒரு காலையில், அசம்புச் சோலையில் சிலப்பனின் குரலைத் தேடும் நிலை நம் பிள்ளைகளுக்கு வாராதிருக்க, காடு இருக்கும்போதே அதனைக் காப்போமாக.